பத்து வருஷத்துக்கு பத்து ஆல்பம்: 2010லேர்ந்து 2019 வரைக்கும் எதை எடுக்க, எதை விட?

டோம்பிவிலி ஃபாஸ்ட்:

வணக்கம் மக்களே, ஒரு உதவி வேணும். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

என் அண்ணன் பொண்ணுக்கு பதினெட்டு வயசு. பொறந்தது வளர்ந்தது எல்லாம் இங்க மும்பை பக்கத்துல டோம்பிவிலிதான், தமிழ் நல்லா பேசுவா ஆனா படிக்கத் தெரியாது, ஸ்கூல்ல மராத்தியும் இந்தியும்தான். பாட்டு நெறைய கேப்பா, எல்லாம் ஷஃபிள்ல, இருபது செகண்டுல பிடிக்கலைன்னா அடுத்தது. போன ஞாயித்துக்கிழமை பேச்சுவாக்குல, நான் வேலைக்கு சேந்த புதுசுல ஒரு படத்தோட பாட்டெல்லாம் மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வரிசையா கேப்பேன்னு சொன்னேன். அவ உடனே "அப்போ அந்த பத்து வருஷத்துலேர்ந்து பத்து ஆல்பம் குடுங்க சித்தப்பா, வாரம் ஒண்ணு, ஒரு பாட்டு கூட தள்ளாம கேக்குறேன்"னுட்டா. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. அவ சொன்னா செய்வா, அதனால நான் குடுக்குறது சரியா இருக்கணும்.

எனக்கு 2010ல மும்பை விடி ஸ்டேஷன் பக்கத்துல வேலை கெடச்சது. காலைல ஃபாஸ்ட் லோக்கல் ட்ரெயின், ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னுக்கிட்டே போகணும், அந்தக் கூட்டத்துல பாக்கெட்டுக்குள்ள கைய விடவே முடியாது, அப்புறம் எங்க பாட்டை மாத்துறது. பிளாட்பாரத்துல நிக்கும்போதே ஒரு ஆல்பத்தை போட்டு விட்டுடணும், தாதர் வந்து கூட்டம் எறங்குற வரைக்கும் அதுதான். அப்போ ஃபாஸ்ட் வண்டியெல்லாம் பார்சிக் சுரங்கம் வழியாத்தான் போகும், உள்ள நுழைஞ்சா சிக்னல் போயிடும், அதனால எல்லாம் மெமரி கார்டுலதான். இதுல என்ன ஆச்சுன்னா மொதல் தடவ பிடிக்காத பாட்டையும் வேற வழியில்லாம முழுசா கேக்க வேண்டியதாச்சு, மூணாவது வாரத்துல அதுதான் பிடிச்ச பாட்டா மாறிடும். ராவணன்ல 'உசுரே போகுதே' மொத நாளே ஒட்டிக்கிச்சு, 'காட்டுச்சிறுக்கி' எனக்குள்ள வர ஒரு மாசம் ஆச்சு. இன்னிக்கு எது வேணும்னு கேட்டா ரெண்டாவதுதான் வேணும்பேன்.

நோட்டுல எழுதிப் பாத்தேன், இருபத்திமூணு ஆல்பம் வருது. பத்தா குறைக்க முடியல. என் சிக்கல் என்னன்னா, விண்ணைத்தாண்டி வருவாயா படம் வந்தது 2010 பிப்ரவரி, பாட்டை லண்டன்ல 2009 டிசம்பர்லயே வெளியிட்டுட்டாங்க, அது இந்தக் கணக்குல வருமா வராதா. ரெண்டாவது, இருபத்திமூணுல எட்டு ரஹ்மானோடது, பொண்ணுகிட்ட குடுக்குற பட்டியல்ல மூணுல ஒரு பங்கு ஒரே ஆள் இருக்கலாமா. மூணாவதுதான் பெரிய வருத்தம், கடல் படம் ஓடல, ஆனா அந்த ஏழு பாட்டும் இல்லாம என்னோட 2013 இல்ல. சித் ஸ்ரீராம் தமிழ்ல பாடுன மொத பாட்டு 'அடியே' அதுலதான், சக்திஸ்ரீ கோபாலனோட 'நெஞ்சுக்குள்ளே' அதுலதான், அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், ஆனா 'அன்பின் வாசலே'ல ஹரிசரண் குரலும் பின்னாடி கோரஸும் சேந்து எழும்பும்போது கம்பியைப் பிடிச்சிருந்த என் கை சிலிர்த்தது எனக்கு மட்டும்தான் தெரியும். படம் பாக்காத பொண்ணுகிட்ட இதைக் குடுத்தா ஒட்டுமா?

நீங்கல்லாம் எப்படித் தேர்ந்தெடுப்பீங்க? பட்டியல் மட்டும் வேண்டாம், ஏன்னு சொல்லுங்க.

செம்பூர் வீணை:

தம்பி, உங்க கேள்வியைப் படிச்சதும் எனக்கு முதல்ல கண்ணுல பட்டது ஆல்பம் இல்ல, பொண்ணுக்கு தமிழ் படிக்கத் தெரியாதுங்கிறதுதான். காதால மட்டும் தமிழைத் தெரிஞ்சுக்கிற பிள்ளைக்கு பாட்டு வரிதான் புஸ்தகம். எங்க வீட்டுலயும் அப்படித்தான், என் ரெண்டு பையன்களும் வாசிக்கிறது தடுமாறும், ஆனா பாட்டுல வந்த சொல்லு எதையும் மறக்க மாட்டாங்க. அதனால வார்த்தையை வெச்சுத் தேர்ந்தெடுங்க.

விண்ணைத்தாண்டி வருவாயாவை தேதி பாத்து விட்டுடாதீங்க. தாமரை எழுதுன 'மன்னிப்பாயா'ல 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்'னு குறளே வருது, 71வது குறள், பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணி மார்க்குக்காக ஒப்பிச்சதை ரஹ்மானும் ஷ்ரேயா கோஷலும் பாடுற பாட்டுக்கு நடுவுல கேக்கும்போது அது வேற உயிரா இருக்கு. 2016ல வந்த அச்சம் என்பது மடமையடால 'அவளும் நானும்' பாரதிதாசன் கவிதை. அடுத்த வருஷம் காற்று வெளியிடைல 'நல்லை அல்லை', அந்த ரெண்டு சொல்லும் குறுந்தொகை 47வது பாட்டுலேர்ந்து வருது. ராத்திரி ரகசியமா காதலியைப் பாக்க வர்றவனுக்கு நீ இப்படி வெளிச்சம் போட்டா எப்படி, நீ நல்லவ இல்ல நிலாவேன்னு தோழி திட்டுறா. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின திட்டு தம்பி அது! டோம்பிவிலி மொட்டை மாடில நின்னு உங்க பொண்ணு நிலாவைப் பாத்து அதைச் சொல்லட்டுமே. அந்த ஆல்பத்துக்கு ரஹ்மானுக்கு தேசிய விருதும் கெடச்சது, 'வான் வருவான்' பாடுன ஷாஷா திருப்பதிக்கும் கெடச்சது, ஆனா நான் சொல்றது விருதுக்காக இல்ல.

அப்புறம் நா. முத்துக்குமார். 2016 ஆகஸ்ட் 14 அன்னிக்கு அந்தச் செய்தி வந்தப்போ நான் சமையல்கட்டுல இருந்தேன், அடுப்பை அணைச்சுட்டு உக்காந்துட்டேன், நாப்பத்தொண்ணு வயசுதான் அவருக்கு. தங்க மீன்கள்ல 'ஆனந்த யாழை' கேக்கும்போதெல்லாம் எங்கப்பா என்னை மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு தோள்ல தூக்கிட்டுப் போனது ஞாபகம் வரும். அதுக்கு ஒரு தேசிய விருது, மறு வருஷமே சைவம் படத்துல 'அழகே' பாட்டுக்கு இன்னொண்ணு. தரமணி அவர் போனதுக்கு அப்புறம் 2017ல வந்துச்சு. தங்க மீன்கள், தரமணி, பேரன்பு மூணும் ஒரே இயக்குநர் ராம், ஒரே யுவன். இதுல ஒண்ணாவது பத்துக்குள்ள வரணும், என்னைக் கேட்டா தரமணி.

நீதானே என் பொன்வசந்தம் உங்க இருபத்திமூணுல இருக்கா? இளையராஜா, எட்டு பாட்டு, எல்லாமே முத்துக்குமார். 2012ல வந்தப்போ எனக்குப் பிடிக்கல, ராஜா சார் பாட்டுனா எனக்கு ஒரு நெனப்பு இருந்தது, இது அப்படி இல்லையேன்னு தள்ளி வெச்சுட்டேன். காலா கோடால ரிதம் ஹவுஸ் 2016ல மூடப்போறாங்கன்னு கேள்விப்பட்டு கடைசியா ஒரு தடவ போய் நின்னுட்டு வந்தேன், இருபது வருஷம் கச்சேரி சிடி எல்லாம் வாங்குன கடை அது, வீட்டுக்கு வந்து அலமாரியைத் துடைக்கும்போது இந்த சிடி கைல மாட்டிச்சு, அன்னிக்கு சாயந்திரம் விளக்கு ஏத்திட்டு முழுசா கேட்டேன். 'சற்று முன்பு' பாட்டுல ரம்யா அந்தக் கோவத்தையும் அழுகையையும் ஒரே மூச்சுல பாடுறதை நாலு வருஷம் தவற விட்டிருக்கேன்.

முலுண்ட் ஹெட்போன்:

அக்கா சொன்ன ரிதம் ஹவுஸ் விஷயம் மனச என்னவோ பண்ணிடுச்சு.

தேதிக்கு ஒரு எளிய வழி இருக்கு ப்ரோ, படம் தியேட்டருக்கு வந்த தேதிதான் கணக்குன்னு வெச்சுக்கோங்க, குழப்பமே இல்ல, விண்ணைத்தாண்டி உள்ள வந்துடும். பேரன்பும் 2019 பிப்ரவரில வந்துச்சு, உள்ளதான்.

ஆல்பமா இல்ல நாலஞ்சு பாட்டோட மூட்டையான்னு பாக்க நான் ஒரு வேலை பண்ணுவேன். நடுவுல ஒரு பாட்டை உருவிட்டுக் கேளுங்க. மத்த பாட்டுக்கு ஒண்ணும் ஆகலைன்னா அது மூட்டை. ஓ காதல் கண்மணிலேர்ந்து 'மலர்கள் கேட்டேன்' பாட்டை உருவிப் பாருங்க, சித்ரா பாடுறது, அது இல்லைன்னா 'மெண்டல் மனதில்' வெறும் சின்னப்பசங்க ஆட்டமாயிடும். அந்தக் கதைல ஒரே வீட்டுல ரெண்டு ஜோடி, கல்யாணமே வேண்டாம்னு சொல்ற இளசுங்க ஒரு பக்கம், ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமா நழுவிக்கிட்டிருக்குற ஒரு பாடகியும் அவங்க கணவரும் ஒரு பக்கம், பாட்டுலயும் அந்த ரெண்டு வயசும் பக்கத்துப் பக்கத்து ரூம்ல இருக்குற மாதிரி கேக்கும். நடுவுல அமீன் பாடுன 'மௌலா வா சல்லிம்'. இதெல்லாம் நம்ம மும்பைதானே, பாங்கு சத்தமும் வயலின் சத்தமும் பஸ் சத்தமும் ஒரே ஜன்னல் வழியா வர்ற ஊர். உங்க பொண்ணு இங்கயே வளர்ந்தவ, படமும் மும்பைலயே நடக்குது, அவளுக்கு மொதல் வாரம் இதைக் குடுங்கன்னு நான் சொல்வேன். ஓகே ஜானுன்னு இந்திலயும் 2017ல வந்துச்சு, அதை அவ கேட்டிருக்கலாம், தமிழ்ல கேக்கும்போது வித்தியாசம் அவளே சொல்வா.

இன்னொண்ணு. நீங்க எடுத்திருக்குற பத்து வருஷத்துலயேதான் ஆல்பம் கேக்குற பழக்கம் போச்சுங்கிறதையும் அவகிட்ட சொல்லுங்க. 2011 நவம்பர்ல கொலவெறி தனியா ஒரு பாட்டா யூடியூப்ல வந்து உலகம் பூரா ஓடுச்சு, படம் வந்தது அடுத்த வருஷம்தான். 'தள்ளிப் போகாதே'வும் அப்படித்தான், பாட்டு முன்னாடியே வந்து நாம மாசக்கணக்குல கேட்டு முடிச்சு, படம் 2016 நவம்பர்ல வருது. அதே வருஷம் செப்டம்பர்ல ஜியோ வந்து டேட்டா தண்ணி மாதிரி ஆச்சு, மெமரி கார்டுல ஏத்தற வேலையே போச்சு. 2019 பிப்ரவரில ஸ்பாட்டிஃபை இங்க வந்துச்சு. ஒவ்வொரு பாட்டா வாரக்கணக்குல விட்டா மத்த பாட்டு வர்றப்போ மொதல் பாட்டு பழசாயிடுது, நாலும் ஒண்ணா நம்ம காதுல வளர வாய்ப்பே இல்ல. அதனாலதான் உங்க இருபத்திமூணுல முன்பாதி வருஷங்கள் அதிகமா இருக்கும்னு தோணுது, எண்ணிப் பாருங்க.

ரஹ்மானுக்கு இத்தனைதான்னு அளவு வேண்டாம். பந்தில ஆளுக்கு ஒரு அப்பளம்னு வெக்கிற விஷயம் இல்ல இது.

டோம்பிவிலி ஃபாஸ்ட்:

எண்ணிப் பாத்தேன். 2010லேர்ந்து 2014 வரைக்கும் பதினஞ்சு, அதுக்கப்புறம் எட்டு. நீங்க சொன்ன காரணமும் இருக்கும், எனக்கு 2016ல கல்யாணம் ஆகி வேலையும் ஐரோலிக்கு மாறி அந்த நீளப் பயணமே போச்சு, அதுவும் இருக்கும்.

அக்கா, நீதானே என் பொன்வசந்தம் பட்டியல்ல இல்ல. இன்னிக்கு ராத்திரி கேக்குறேன்.

தொண்ணூறடி ரோடு:

அண்ணே, உங்க பின்பாதில ஓட்டை இருக்கு, நான் அடைக்கேன்.

நாங்க தாராவில மூணு தலைமுறை, பூர்வீகம் நெல்லைப் பக்கம். எங்க ஆச்சி சாகுற வரைக்கும் "ஊருக்குப் போகணும்"னுதான் சொல்லிக்கிட்டு இருந்தா, ஆனா நான் பொறந்ததே இங்க சயான் ஆஸ்பத்திரில, எனக்கு ஊர்னா ரெண்டும்தான். 2018 ஜூன்ல காலா வந்துச்சு, எங்க தெருவை எங்க சனத்தை வெச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல பரியேறும் பெருமாள், நெல்லை மண்ணு. ரெண்டுக்கும் சந்தோஷ் நாராயணன்தான் இசை. நான் இருக்குற எடம் ஒரு ஆல்பம், நாங்க விட்டுட்டு வந்த எடம் இன்னொரு ஆல்பம், நாலு மாசத்துக்குள்ள ரெண்டும் வந்ததை நெனச்சா இப்பவும் ஒரு மாதிரி இருக்கு. சொல்லத் தெரியல.

காலா பாட்டுல டோப்படெலிக்ஸ்னு ஒரு குரூப் பாடியிருக்காங்க, தாராவிக்காரங்க, ராப் பண்ணுற பசங்க. அதுக்கு முன்னாடி சினிமால எங்க ஏரியான்னா கத்தி, கஞ்சா, கூரை மேல ஓட்டம், இவ்வளவுதான். இந்தத் தடவ எங்க பசங்க குரலே மைக்குக்கு வந்துச்சு. 'செம்ம வெயிட்டு' தொண்ணூறடி ரோட்டுல பிள்ளையார் ஊர்வலத்துல அடிச்சப்போ நான் நடுவுல நின்னேன், தப்பு மேளமும் ராப்பும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு. ஆனா எனக்கு அந்த ஆல்பத்துல உசுரு 'கண்ணம்மா'தான், உமாதேவி எழுதி பிரதீப் குமாரும் தீயும் பாடுனது, இத்தன சண்டைக்கும் கோவத்துக்கும் நடுவுல பழைய காதலி திரும்ப வந்து நிக்குற பாட்டு. நீங்க உருவச் சொன்ன சோதனை இருக்குல்லா, கண்ணம்மாவை உருவிட்டா காலா வெறும் முழக்கம் ஆயிரும்.

பரியேறும் பெருமாள்ல 'கருப்பி'. ஒரு நாய்க்கு ஒப்பாரி. எங்க அய்யா பாட்டெல்லாம் கேக்க மாட்டாரு, அதை கேட்டுட்டு எந்திரிச்சு வெளிய போய் நின்னுட்டாரு, ரொம்ப நேரம் உள்ள வரல. ஏன்னு நான் கேக்கல, அவரு ஊரைவிட்டு வந்த கதை எனக்குத் தெரியும்.

அந்த வருஷமே அக்டோபர்ல வட சென்னையும் அவர்தான். ஒரே வருஷத்துல மூணு எடத்தோட சத்தம். மூணையும் எடுக்க முடியாதுன்னு தெரியும், ரெண்டாவது எடுங்க. பொண்ணு மும்பைல வளருதுன்னா மும்பைத் தமிழன்னா யாருன்னு அவளுக்குத் தெரியணும்லா.

ஆன்டாப் ஹில்:

எல்லாரும் பெருசு பெருசா எழுதியிருக்கீங்க, நான் ரெண்டு விஷயம் மட்டும்.

ஒண்ணு, யாருமே இமானையும் ஜி.வி. பிரகாஷையும் சொல்லல. 2012ல கும்கி, பாட்டெல்லாம் யுகபாரதி, அதுல ஒரு பாட்டை தள்ளிக் காட்டுங்க பாப்போம். 'சொல்லிட்டாளே அவ காதல'வும் 'அய்யய்யோ ஆனந்தமே'வும் அடுத்தடுத்து போட்டா காட்டுக்குள்ள ஈர வாடையே வரும். ஆடுகளம்ல 'அய்யய்யோ' எஸ்.பி.பியும் சரணும் சேந்து பாடுறாங்க, அப்பாவும் புள்ளையும், அதே ஆல்பத்துல 'ஒத்த சொல்லால' வேல்முருகன், அதே ஆல்பத்துல யோகி பி. மதுரை வீதில இவ்வளவும் ஒண்ணா எப்படி நிக்குதுன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன், இன்னும் விடை தெரியல, நிக்குது.

ரெண்டு, செம்பூர் அக்கா மேல மரியாதை உண்டு ஆனா வார்த்தையை மட்டும் வெச்சுத் தேர்ந்தெடுக்கிறது சரியில்லன்னு நெனக்கிறேன். பாடமா குடுத்தா பொண்ணு ரெண்டாவது வாரமே விட்டுடுவா. 96 ஆல்பத்துல கோவிந்த் வசந்தாவோட வயலின் தனியா இழுக்குற எடம் இருக்கே, அதுல எந்த வார்த்தையும் இல்ல, ஆனா பிரிவுன்னா என்னன்னு அதைவிட யார் சொல்லிட முடியும். மொதல்ல காது விழணும். சொல்லுக்கு அர்த்தம் அவளா வந்து கேக்கணும், நாமளா சொல்லக்கூடாது.

செம்பூர் வீணை:

ஆன்டாப் ஹில் தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு. கும்கியை நான் எப்படி மறந்தேன்னு தெரியல. பாடமா குடுக்கச் சொல்லல, சொல்லு நல்லா இருக்குற ஆல்பத்தைக் குடுத்துட்டு பேசாம இருங்கன்னு திருத்திக்கிறேன்.

டோம்பிவிலி ஃபாஸ்ட்:

பத்து நாள் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும்.

ஏழு முடிவாயிடுச்சு. விண்ணைத்தாண்டி வருவாயா, ஆடுகளம், கும்கி, கடல், ஓ காதல் கண்மணி, காலா, பரியேறும் பெருமாள். கடலை யாரும் வேண்டாம்னு சொல்லல, அதையே சம்மதமா எடுத்துக்கிட்டேன். தாராவி தம்பி, நீங்க எழுதுனதைப் படிச்சுட்டு ரெண்டையும் ஒரே நாள்ல கேட்டேன், பழசா தெரிஞ்சதெல்லாம் வேற மாதிரி கேட்டுச்சு, உங்க அய்யாவை நெனச்சுக்கிட்டேன். எந்திரனையும் மரியானையும் அடிச்சதுக்கு இன்னும் வலிக்குது. நீதானே என் பொன்வசந்தம் நாலு தடவ கேட்டுட்டேன், அக்கா, நீங்க சொன்ன 'சற்று முன்பு' எனக்கும் இவ்வளவு நாள் தவறிப் போயிருக்கு, ஆனா அதுவா தரமணியா 96ஆ காற்று வெளியிடையான்னு மீதி மூணு எடத்துக்கு இன்னும் போராட்டம். அவ ஏழு வாரம் கேக்குறதுக்குள்ள முடிவு பண்ணிடுவேன்.

மொதல் வாரம் விண்ணைத்தாண்டி குடுத்தேன். அர்த்தம் எதுவும் சொல்லல. தானேல இருக்குற காலேஜுக்குப் போற வழில கேட்டிருக்கா, ஏழு பாட்டும், வரிசையா. மூணாவது நாள் சாயந்திரம் வீட்டுக்கு வந்தா, செருப்பைக் கூட கழட்டல, "சித்தப்பா, தாழ்னா என்ன?"ன்னு கேட்டா. நான் எந்திரிச்சுப் போய் கதவை சாத்தி, போட்டுக் காட்டினேன். "இதுவா? இது கடி தானே"ன்னா. ஆமா, மராத்தில கடி, தமிழ்ல தாழ்னு சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பாத்துக்கிட்டு நின்னா, அப்புறம் அவளே அதை எடுத்து விட்டுட்டு மறுபடி போட்டா, மறுபடி எடுத்தா.